விரியும் நகரமும் விட்டுவைக்கும் நிலமும்

வளர்கிற நகரம் தன்னைச் சுற்றியுள்ள காடு, சதுப்பு, ஏரி, வயல் ஆகியவற்றில் எவற்றை விட்டுவைக்க வேண்டும், எவற்றின் மேல் வீடு கட்டலாம்? இந்தக் கேள்விக்குக் கடந்த 125 ஆண்டுகளில் குறைந்தது ஐந்தாறு விடைகள் வந்திருக்கின்றன. புதிய விடை வந்ததும் பழையது ஒதுங்கிக்கொள்ளவில்லை. பழையவை சட்டங்களிலும் வரைபடங்களிலும் தங்கிவிட்டன; புதியவை அவற்றின் மேல் அடுக்கப்பட்டன. சென்னையின் தெற்கில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பற்றி இப்போது நடக்கும் விவாதத்தைக் கவனித்தால் வளையம், தொலைவு, வரைபடம், நீர்ப்பிடிப்பு, பொதுச்சொத்து என்று அந்த விடைகள் எல்லாமே ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கேட்கலாம்.

அவற்றை அவை பிறந்த சூழலோடு சேர்த்துப் பார்க்கும் முயற்சி இது. பெரும்பாலானவை நகரத்துக்கும் இயற்கைக்கும் இடையிலான எல்லை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று வாதிட்டன. எல்லை வரைந்த பிறகு நிலம் யார் கையில் இருக்கும், அதன் விலை ஏறினால் யாருக்குச் சேரும் என்று கேட்டவை குறைவு. வடிவத்தைவிட இந்தக் கேள்வியே விளைவுகளைத் தீர்மானித்திருக்கிறது என்று கருத இடமிருக்கிறது.

வளையம்

இங்கிலாந்தின் எபனேசர் ஹோவர்டு 1898இல் வெளியிட்ட நூல்தான் ‘தோட்ட நகரம்’ என்ற கருத்தின் பிறப்பிடம். அவர் தீட்டிய நகரத்துக்கு 6,000 ஏக்கர் நிலம். அதில் 1,000 ஏக்கரில் வீடும் தொழிலும். எஞ்சிய 5,000 ஏக்கரில் விவசாயம். மக்கள்தொகை 32,000 ஆனதும் அந்த நகரம் நின்றுவிடும். அடுத்த நகரம் வயல்களைத் தாண்டி எழும். இந்தப் படம் உலகெங்கும் பரவியது. ஆனால் அந்த நூலின் பல அத்தியாயங்களை நிரப்புவது வரவுசெலவுக் கணக்கு. நிலம் முழுவதும் அறங்காவலர்கள் பொறுப்பில் இருக்கும், குடியிருப்போர் வாடகை கட்டுவார்கள், ஊர் வளர்வதால் ஏறும் நில மதிப்பு ஊருக்கே திரும்பும் என்பதே ஹோவர்டு திட்டத்தின் அச்சாணி. பின்னால் வந்தவர்கள் படத்தை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டார்கள்.

லண்டனில் 1938இல் வந்த பசுமை வளையச் சட்டம், உள்ளாட்சிகள் நிலத்தை விலைக்கு வாங்கிக் காப்பதற்கு வழி செய்தது. 1947ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டம் கட்டடம் எழுப்பும் உரிமையையே அரசு அனுமதிக்கு உட்படுத்தியது. அதன் பிறகு வாங்காமலே தடுக்க முடிந்தது. 1955இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ் வெளியிட்ட சுற்றறிக்கை பிற நகரங்களுக்கும் இந்த வளையத்தை விரித்தது. இன்று லண்டனின் பசுமை வளையம் அந்த மாநகரின் பரப்பைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம்.

நகரம் கண்டபடி பரவுவதை அது தடுத்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. குறை சொல்பவர்கள் இரண்டு விஷயங்களைச் சுட்டுகிறார்கள். உள்ளே வீட்டு விலை ஏறுகிறது. வளையத்தைத் தாண்டிக் குதித்துக் குடியேறியவர்கள் தினமும் நெடுந்தூரம் பயணம் செய்கிறார்கள். மூன்றாவதாக ஒரு குறையும் உண்டு; அது இந்தக் கட்டுரையின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. இங்கிலாந்தின் திட்டக் கொள்கை பசுமை வளையத்துக்கு ஐந்து நோக்கங்களைச் சொல்கிறது. பரவலைத் தடுப்பது, அண்டை நகரங்கள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது, நாட்டுப்புறத்தைக் காப்பது, பழம்பெரும் நகரங்களின் தன்மையைக் காப்பது, நகருக்குள் பாழ்பட்ட இடங்களை மீண்டும் பயன்படுத்தத் தூண்டுவது. பறவையோ, தவளையோ, நிலத்தடி நீரோ இந்தப் பட்டியலில் இல்லை. வளையத்துக்குள் உரமும் பூச்சிமருந்தும் ஊறிய வயலும் கோல்ஃப் மைதானமும் தாராளமாக இருக்கலாம். இயற்கைப் பாதுகாப்பு என்று பொதுமக்கள் நினைத்துக்கொண்டிருப்பது, சட்டப்படி நகரத்தின் உருவத்தைக் காக்கும் ஏற்பாடு மட்டுமே.

தென்கொரியா வேறொரு பலவீனத்தைக் காட்டியது. சியோலைச் சுற்றி 1971இல் விதிக்கப்பட்ட வளையம், தனியார் நிலங்களை இழப்பீடின்றி முடக்கியது. ராணுவ ஆட்சியில் அது கேள்வியின்றி நின்றது. ஜனநாயகம் திரும்பிய பின், 1998இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இழப்பீடு இல்லாத முடக்கம் அரசியலமைப்போடு பொருந்தாது என்றது, வளையம் தளர்ந்தது. ஹோவர்டு விட்டுச்சென்ற கணக்கு நூறாண்டு கழித்து நீதிமன்றத்தில் எழுந்ததாக இதைப் படிக்கலாம்.

விரல்கள்

வளையத்துக்கு மாற்றாக, நகரம் விரல்களாக நீளட்டும், இடையில் பசுமை உள்ளே வரட்டும் என்றது கோபன்ஹேகனின் 1947ஆம் ஆண்டுத் திட்டம். ஐந்து விரல்களுக்கும் எலும்பாக இருந்தது புறநகர் ரயில். 2007இல் டென்மார்க் இதற்குச் சட்ட வலிமையும் தந்தது. விரல்களின் வெற்றியில் ரயிலின் பங்கு எவ்வளவு, திட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

சென்னையின் 1975ஆம் ஆண்டு முதல் முழுமைத் திட்டமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. நெடுஞ்சாலைகளை ஒட்டி ஆரங்களாக வளர்ச்சி, மறைமலை நகர், மணலி புதுநகர் போன்ற துணை நகரங்கள் என்று அது யோசித்தது. ஆனால் 2000க்குப் பிறகு வேலைகள் குவிந்த இடம் பழைய மாமல்லபுரம் சாலை. அதாவது கடலுக்கும் சதுப்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்மேடு. வரைபடத்தின் விரல் ஒரு பக்கம் காட்ட, முதலீடு வேறு பக்கம் போனது.

மண் சொல்வதைக் கேட்பது

வடிவத்தை முன்கூட்டியே தீர்மானிக்காதே, நிலத்தைப் படித்துவிட்டுத் தீர்மானி என்றார் ஸ்காட்லாந்தில் பிறந்து பென்சில்வேனியாவில் கற்பித்த இயான் மெக்ஹார்க். 1969இல் வந்த அவருடைய நூல், மண், சரிவு, நீரோட்டம், தாவரம், வெள்ள அபாயம் என ஒவ்வொன்றையும் தனித்தனி ஒளிபுகு தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் முறையைப் பரப்பியது. எங்கே இருட்டு அடர்கிறதோ அங்கே கட்டாதே. இன்றைய கணினி நிலவரைபட மென்பொருள்கள் செய்வதும் அடிப்படையில் இதையே. சென்னையின் 2008ஆம் ஆண்டு இரண்டாம் முழுமைத் திட்டத்தில் செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும், தென்கடற்கரையின் நிலத்தடி நீர் ஊறும் பகுதிக்கும் தனிக் கட்டுப்பாடுகள் இடம்பெற்றதில் இந்த மரபின் சாயல் தெரிகிறது.

மெக்ஹார்க் முறைக்கு எதிரான வாதங்களில் கூர்மையானது 1977இல் லூயிஸ் ஹாப்கின்ஸ் முன்வைத்தது. சரிவையும் வெள்ளத்தையும் பறவைகளையும் எந்த அலகில் கூட்டுவது? தாள்களை அடுக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த எடையைத் தீர்மானித்தவர் நிபுணர், சொன்னது மட்டும் ‘இயற்கை’ என்று ஆகிவிடுகிறது. இன்னொரு சிக்கல், வரைபடம் ஒருநாள் எடுத்த படம். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டின் கோடையில் அளந்தால் ஏரி கரம்பாகவும், நவம்பரில் அளந்தால் கடலாகவும் தெரியும் நிலப்பரப்பில் இது சின்னச் சிக்கல் இல்லை.

நடைமுறையில் அவர் முறைக்குக் கிடைத்த பெரிய சோதனை டெக்சாஸின் உட்லண்ட்ஸ் நகரம். குழாய் வடிகாலைத் தவிர்த்து இயற்கை ஓடைகளையும் மண்ணின் உறிஞ்சும் திறனையும் நம்பிக் கட்டிய முதல் குடியிருப்புகள் மழையை ஓரளவு நன்றாகத் தாங்கின என்று பின்னர் வந்த ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் பிந்தைய குடியிருப்புகளில் வழக்கமான வடிகால் திரும்பிவிட்டது. முறை தோற்றதாகச் சொல்வதைவிட, அதைத் தொடர்ந்து காக்கும் பொறுப்பு யாரிடமும் இல்லாமல் போனது என்று சொல்வது பொருத்தம்.

தீவுகளும் வழித்தடங்களும்

சூழலியலாளர்கள் ராபர்ட் மெக்ஆர்தர், எட்வர்டு வில்சன் இருவரும் 1967இல் தீவுகளின் உயிரினங்களைப் பற்றி எழுதிய கோட்பாடு, சில ஆண்டுகளில் நகரத் திட்டத்துக்குள் நுழைந்தது. கட்டடங்களுக்கு நடுவே மீந்த காட்டுத் துண்டும் ஒரு தீவுதானே? சிறிய தீவில் இனங்கள் அழியும் வேகம் அதிகம். ஒரே பெரிய காப்பிடம் நல்லதா, பல சிறியவை நல்லவையா என்று 1970களில் மூண்ட சண்டை பல ஆண்டுகள் நீண்டு, எந்த உயிரினத்துக்கு என்பதைப் பொறுத்தது என்ற சமரசத்தில் ஏறத்தாழ அடங்கியது. ரிச்சர்டு ஃபோர்மன், மிஷேல் கோட்ரன் இருவரும் 1986இல் எழுதிய பாடநூல் துண்டு, வழித்தடம், பின்புலம் என்ற மூன்று சொற்களைத் திட்டமிடுவோர் கையில் கொடுத்தது.

கிண்டி தேசியப் பூங்கா இதற்குக் கச்சிதமான உதாரணம். 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் வெளிமானும் புள்ளிமானும் வாழும் உலர் பசுமைமாறாக் காடு, ஒரு மாநகரின் நடுவில். ஆளுநர் மாளிகை வளாகமும் ஐஐடி வளாகமும் பூங்காவை ஒட்டி நீள்வதால்தான் அது இந்த அளவாவது உயிர்ப்புடன் இருக்கிறது. அந்தப் பக்கம் நன்மங்கலம் காப்புக்காடும் பள்ளிக்கரணையும் கூப்பிடு தூரத்தில் இருந்தும், நிலத்தில் நடக்கும் விலங்குக்கு அங்கே போக வழியில்லை. பறவைக்கு மட்டும் வழித்தடம் திறந்திருக்கிறது.

இந்த வழியில் வந்த அண்மைக்காலக் கேள்வி, நகரத்தை நெருக்கிக் கட்டி இயற்கைக்குப் பெரிய துண்டுகளை ஒதுக்குவதா, தளர்வாகக் கட்டி ஒவ்வொரு தெருவிலும் மரமும் குட்டையும் வைப்பதா என்பது. வேளாண்மை பற்றிய விவாதத்திலிருந்து 2010களில் நகர ஆய்வுக்கு வந்த கேள்வி இது. கூச்சமுள்ள இனங்களுக்கு முதல் வழி பெரும்பாலும் ஏற்றதாகத் தெரிகிறது. ஆனால் வெப்பமும் மழைநீரும் தெருவுக்குத் தெரு சமாளிக்க வேண்டியவை. அங்கே இரண்டாவது வழி முந்துகிறது. உயிரினம், நீர் என்ற இரு அளவுகோல்களும் ஒரே விடையைத் தருவதில்லை என்பதைத் திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் மூடி மறைக்கின்றன.

உழைக்கும் ஈரநிலம்

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: இயற்கை ஒரு பக்கம், மனிதர் செய்தது மறுபக்கம். அதை முதலில் அசைத்தவர்களில் ஸ்காட்லாந்தின் நகரத் திட்ட அறிஞர் பேட்ரிக் கெடிஸ் ஒருவர். அவருடைய நகரக் கண்காட்சியை ஏற்றிவந்த கிளான் கிராண்ட் கப்பலை 1914இல் மூழ்கடித்தது ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். அதற்குச் சில வாரங்கள் முன்னால் சென்னை எண்ணெய்க் கிடங்குகளின் மேல் குண்டு பொழிந்த அதே எம்டன்தான். நண்பர்கள் திரும்பத் திரட்டி அனுப்பிய படங்களோடு கெடிஸ் 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கையும் எழுதினார். மலேரியா பயத்தில் குளங்களைத் தூர்ப்பதே சுகாதாரம் என்று பொறியாளர்கள் நம்பிய காலத்தில், குளத்தைச் சுத்தம் செய்து மீனும் வாத்தும் விட்டால் கொசு கட்டுப்படும், ஊருக்கு நீரும் குளிர்ச்சியும் மிஞ்சும் என்று இந்திய நகரங்களைப் பற்றிய தம் அறிக்கைகளில் வாதிட்டார். சென்னை அவர் சொன்னதைக் கேட்கவில்லை. 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரி தூர்க்கப்பட்டு தியாகராய நகரானது.

கெடிஸ் சொன்னதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது, அவரை அறியாமலே, கிழக்குக் கொல்கத்தா. நகரத்தின் கழிவுநீர் கால்வாய் வழியாக ஆழமற்ற மீன்பண்ணைகளுக்குப் போகிறது, வெயிலும் பாசியும் அதைத் தெளிய வைக்கின்றன, மீன் வளர்கிறது, வெளியேறும் நீரில் நெல்லும், அருகிலேயே காய்கறியும் விளைகின்றன. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பில் இயங்கும் இந்த ஏற்பாட்டை உலகறியச் செய்தவர் துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர். 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் நில மாற்றத்தைத் தடுத்தது. 2002இல் சர்வதேச ஈரநில உடன்படிக்கையான ராம்சாரின் தகுதி வந்தது. 2006இல் தனிச் சட்டம் வந்தது. இங்கே இயற்கையைக் காத்தது வேலி இல்லை, பிழைப்பு. பலவீனமும் அதிலேயே இருக்கிறது. மீன் வளர்ப்பைவிட மனை விற்பது பல மடங்கு லாபம் தரும் இடத்தில், பிழைப்பை நம்பி நிற்கும் பாதுகாப்பு எத்தனை தலைமுறைக்குத் தாங்கும் என்ற கேள்விக்குச் சட்டம் மட்டும் விடை சொல்லாது.

சீனாவின் ‘ஸ்பாஞ்ச் நகரம்’ இதன் அரசுமயமான வடிவம் எனலாம். பீகிங் பல்கலைக்கழகத்தின் யூ கோங்ஜியான் முன்னெடுத்த கருத்து 2015, 2016 ஆண்டுகளில் 30 நகரங்களில் சோதனைக்கு வந்தது. இந்தத் திட்டத்துக்குப் பெரும் தொகை ஒதுக்கியிருந்த செங்சோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது சுரங்க ரயிலுக்குள் நீர் புகுந்தது. எதிர்ப்பாளர்கள் இதைத் தோல்வி என்றார்கள். அந்த அளவு மழைக்காக வடிவமைக்கப்பட்டதே இல்லை என்றார்கள் ஆதரவாளர்கள். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்: அன்றாட மழையை உறிஞ்சும் பூங்காவும், பேய்மழைக்கு இடம் விடும் வெள்ளச் சமவெளியும் வெவ்வேறு ஏற்பாடுகள். சென்னை மாநகராட்சி பூங்காக்களில் அமைத்துவரும் மழைநீர்க் குட்டைகளை மதிப்பிடும்போதும் இந்த வேறுபாட்டை நினைவில் வைப்பது நல்லது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் பெய்த சுமார் 49 சென்டிமீட்டர் மழையின் முன் அவை துளி.

ஏரி எந்தப் பெட்டியில்?

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரத்தின் நிலம் இந்தச் சிந்தனைப் பள்ளிகள் எதற்குள்ளும் சுலபமாக அடங்காது. ஒரு ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்கு வரத்து, அதன் மதகு வயலுக்கு, மிச்சம் தாங்கலுக்கு, கடைசியில் கழுவெளிக்கு. முழுக்க மனிதர் செய்த ஏற்பாடு, ஆனால் கொக்கும் நாரையும் மீனும் அதையே நம்பி வாழ்கின்றன. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பாசன ஏரிகள்தாம்; 2022இல் இரண்டும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ, பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் கட்டிய நீர்நிலைகளைத் தம் வரையறையிலிருந்து விலக்கிவிடுகின்றன. விதியை எழுதியவர்களின் மனத்தில் இயற்கையான ஏரி என்ற ஒன்று இருந்திருக்க வேண்டும். தொண்டை மண்டலத்தில் அது அரிது. மாநிலத்தின் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2005இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து வந்தது. அது ஏரியின் எல்லைக்குள் கண் வைக்கிறது. வரத்துக் கால்வாய் பட்டா மனைகளுக்கு நடுவே அறுபட்டால், எல்லை பத்திரமாகவும் ஏரி வறண்டும் கிடக்கும்.

ஆக்கிரமிப்பு என்றால் குடிசை என்று நினைப்பது வழக்கம். முகப்பேரில் ‘ஏரி ஸ்கீம்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அது அரசின் வீட்டுவசதித் திட்டம். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியின் இடத்தில். பள்ளிக்கரணையில் குப்பைக் கிடங்கு, மத்திய ஆய்வு நிறுவனங்கள், பறக்கும் ரயில் எல்லாம் சதுப்பில் இடம் பிடித்தன. தீர்வை வராத நிலம் என்பதால் வருவாய்ப் பதிவேட்டில் அது தரிசு. தரிசு என்பதால் எந்தத் துறைக்கும் இலவச நிலம்.

ஆயக்கட்டு மனைகளாகும்போது இன்னொன்று நடக்கிறது. ஏரியில் நீர் நிற்க வேண்டும் என்று விரும்பும் விவசாயி போய்விடுகிறார். பாசன வயலில் வீடு கட்டியவர் ஏரி சீக்கிரம் வடிய வேண்டும் என்கிறார். நகரக் குடிநீர்த் துறை நிரம்ப வேண்டும் என்கிறது. 2015இல் வெள்ளம், 2019இல் நான்கு நீர்த்தேக்கங்களும் வறண்ட பஞ்சம். இரண்டும் ஒரே நிலப்பயன்பாட்டின் இரு முகங்கள் என்பதை மறுப்பவர் குறைவு. அதைத் திட்டமாக எழுதியவர் அதனினும் குறைவு.

யாருடைய செலவில்

சூழலைக் காப்பதன் பெயரில் யார் இடம்பெயர்க்கப்படுகிறார்கள் என்பது சமூக அறிவியலாளர்கள் எழுப்பும் ஆட்சேபம். கூவம், அடையாறு கரைகளை மீட்பதற்காக அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. அவை பள்ளிக்கரணை நீர் வடியும் தாழ்நிலத்தை ஒட்டியவை. ஒரு நீர்நிலையை மீட்க எளியவர்களை இன்னொரு நீர்நிலையின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்ததை எந்தக் கோட்பாடும் நியாயப்படுத்தாது. 2018இல் ‘ஈரநில நகரம்’ என்ற ராம்சார் அங்கீகாரம் பெற்ற கொழும்பிலும் கால்வாயோரக் குடும்பங்களின் இடப்பெயர்வு குறித்து இதே விவாதம் உண்டு. ஆனால் இந்த ஆட்சேபத்துக்கும் எல்லை இருக்கிறது: வெள்ளம் வரும் கரையிலேயே மக்களை விட்டுவைப்பதும் நீதி ஆகாது. அருகிலேயே மேட்டு நிலம் தர வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. நகர நடுவில் மேட்டு நிலத்தின் விலை அதற்குத் தடை.

முடியாத கணக்குகள்

பள்ளிக்கரணை 1960களில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் இருந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. ராம்சார் தகுதி பெற்றது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். அதிலும் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது ஒரு பகுதிதான், மீதியில் பட்டா நிலங்களும் உண்டு. அதன் ‘செல்வாக்கு மண்டலம்’ அறிவியல் முறையில் வரையறுக்கப்படும்வரை ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி கூடாது என்று 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. இடைக்கால ஏற்பாடாக இதில் தர்க்கம் இருக்கிறது. நிரந்தர விடையாக ஒரு கிலோமீட்டர் என்பது வளையச் சிந்தனையின் மறுபிறவி: சதுப்பின் வடிகாலான ஒக்கியம் மடுவுக்கு நீர் அனுப்பும் சுமார் 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு வட்டமாக இல்லை. மேடான இடத்தில் 300 மீட்டர் போதும்; ஏரிகளின் வரத்துப் பாதையில் 10 கிலோமீட்டர் தள்ளிக் கட்டும் சுவரும் கேடு செய்யலாம். மறுபுறம், நேர்க்கோட்டுத் தூரத்தை யாரும் நாடா வைத்து அளந்துவிடலாம். நீரோட்ட எல்லையை நிபுணர் வரைய வேண்டும், அதை ஒவ்வொரு வழக்கிலும் இன்னொரு நிபுணர் மறுப்பார். வேடந்தாங்கலுக்கு 1998இல் விதித்த ஐந்து கிலோமீட்டர் ஆர எல்லையைக் குறைக்கும் யோசனை 2020இல் எழுந்தபோது, முரட்டுத்தனமான அந்த எண்ணே சரணாலயத்தின் பலமாக நின்றது. சரியான எல்லைக்கும் காக்கக்கூடிய எல்லைக்கும் இடையே எதைத் தேர்வது என்பதில் துறைசார்ந்தவர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை.

எல்லைக்குள் சிக்கிய பட்டாதாரருக்கு என்ன தருவது என்பதும் அப்படியே நிற்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மாண்ட்கோமரி வட்டாரம் 1980 முதல், கட்ட முடியாத விவசாயி தன் கட்டட உரிமையை வேறிடத்தில் கட்டுபவருக்கு விற்க அனுமதித்து, சுமார் 93,000 ஏக்கரை வேளாண் நிலமாக வைத்திருக்கிறது. வாங்குபவருக்கு அந்த உரிமை உண்மையிலேயே தேவைப்பட்டால்தான் இது ஓடும். விதிமீறிக் கட்டிய மாடிகள் பின்னர் வரன்முறைப்படுத்தப்படும் ஊரில் அதற்கு யார் பணம் கொடுப்பார்?

2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. மூன்றாம் முழுமைத் திட்டம் 2026 முதல் 2046 வரைக்கானது. புதிதாகச் சேர்ந்த பரப்பில் ஆயக்கட்டு உயிரோடு இருக்கும் ஏரிகள் இன்னும் ஏராளம்; மனை விலை அங்கே இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கிறது. கொல்கத்தாவைப்போல் பிழைப்பையே காவலாக வைப்பதா, சியோலைப்போல் தடை விதித்துவிட்டு வழக்குக்குக் காத்திருப்பதா, ஹோவர்டு சொன்னபடி ஏறும் மதிப்பில் ஒரு பங்கை முன்கூட்டியே எடுத்து அந்த ஏரிகளுக்குச் செலவிடுவதா என்ற தேர்வு, பள்ளிக்கரணையில் காலம் கடந்துவிட்டாலும், அங்கே இன்னும் சாத்தியமாகவே இருக்கிறது.